குச்சியைத் தட்டிப் பார்க்க மட்டும்தானா நான்?

உசிலம்பட்டி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மதுரைக் கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் வந்துபோகும் மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் கல்லூரியும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். கடிதத்தின் சாரம் இது.

பி.எஸ்சி. கணினி அறிவியல், மூன்றாம் ஆண்டு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. பத்தாம் வகுப்பில் இரவு நேரத்தில் தடுமாற ஆரம்பித்தார். மாலைக்கண், சத்துக்குறைவு என்று கீரையும் கேரட்டுமாக ஒரு வருடம் ஓடியது. அதன் பிறகுதான் விழித்திரை மெல்ல மெல்லச் சிதையும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற நோய் என்று தெரிந்தது. இப்போது நேர்ப்பார்வை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் குறைபாடு 75 சதவீதம். போனில் டாக்பேக், அண்ணன் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் என்விடிஏ; இரண்டும் திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான்கள். கல்லூரி லேபில் என்விடிஏ கிடையாது. முதல் வருடமே லேப் சார், “நீ கஷ்டப்படாதம்மா, ரெக்கார்டு நோட்டை மட்டும் யாரையாவது எழுதச் சொல்லிக் கொண்டுவா, மார்க் போட்டுடறேன்” என்று சொல்லிவிட்டார். நான்கு செமஸ்டர் அப்படியே போய்விட்டது.

வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து பார்வையற்றோருக்காக ‘ஸ்மார்ட் ஸ்டிக்’ செய்கிறார்கள். இவரையும் ‘டெஸ்டர்’ என்று குழுவில் சேர்த்திருக்கிறார்கள். குச்சியைப் பிடித்து நடந்து காட்டுவதுதான் வேலை. சிம்போசியம் மேடையில் நடந்து காட்டியபோது கைதட்டல் பலமாக இருந்ததாம். “அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. குச்சியைத் தட்டிப் பார்க்க மட்டும்தானா நான்?” என்று கேட்கிறார்.

மாற்றுத்திறனாளிகள் கணினியைத் தடையில்லாமல் பயன்படுத்துவது பற்றி அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கோடை விடுமுறையில் மாணவர்களை ஆராய்ச்சிக்கு எடுப்பதாக இணையத்தில் படித்திருக்கிறார். அதற்கு விண்ணப்பிக்கலாமா? பார்வைக் குறைபாட்டைச் சொல்வதா, மறைப்பதா? ஐஐடியில் படிக்காதவர்களுக்கு ஆராய்ச்சியில் இடம் உண்டா? தன் அனுபவத்தை எழுதினாலே அது ஆராய்ச்சிதானே? லேப் விஷயத்தைக் கேட்டால் இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்களோ? அரசு பஸ்ஸில் நடத்துனராக இருக்கும் அப்பா, “நமக்கு 4 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு, பேங்க் பரீட்சை எழுது தாயி” என்கிறார். அவர் பேச்சைத் தட்டலாமா?

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்ட லேப் விஷயத்தில்தான் மற்ற எல்லாம் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

லேபில் உட்கார வேண்டும்

லேப் சாரை ‘நல்ல மனசுக்காரர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும். அவருடைய இரக்கத்தால் உங்களுக்கு மார்க் கிடைத்தது, நிரல் எழுதும் பழக்கம் கிடைக்கவில்லை. நாளைக்கு எந்த ஆராய்ச்சிக் குழுவிடம் போனாலும் மார்க் பட்டியலைப் பார்த்துவிட்டு, “நீங்களே எழுதிய நிரல் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்” என்பார்கள். அப்போது ரெக்கார்டு நோட்டை அனுப்ப முடியாது.

லேபில் வேலை செய்ய முடியாததற்கு உங்கள் கண்தான் காரணம் என்று சாரும் நம்புகிறார், நீங்களும் நம்பிவிட்டீர்கள். ஆனால் உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது: அந்த நீலத் திரையில் என்விடிஏ போட்டாலும் ஒன்றும் படிக்காது என்று சீனியர் அக்கா சொன்னாராம். அக்கா சொன்னது சரி. நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் சி மொழியில் நிரல் எழுத இன்னும் டர்போ சிதான் ஓடுகிறது. டாஸ் காலத்து மென்பொருள் அது. இன்றைய விண்டோஸில் டாஸ்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளுக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். டாஸ்பாக்ஸ் எழுத்துகளைப் படமாக வரைந்து காட்டுகிறது. திரைவாசிப்பான் படிப்பதற்கு அங்கே எழுத்தே இல்லை. அதே சி நிரலை விஎஸ் கோடு என்ற எடிட்டரில் எழுதி ஜிசிசி என்ற கம்பைலரில் ஓட்டினால் என்விடிஏ வரி வரியாகப் படிக்கும், எந்த வரியில் பிழை என்பதையும் சொல்லும். இரண்டும் இலவசம். என்விடிஏவைக் கல்லூரிக் கணினியில் நிறுவ அனுமதி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, பென்டிரைவில் போர்ட்டபிள் பிரதி போட்டு எடுத்துக்கொண்டு போகலாம். பிறகு ஒரு ஹெட்போன், அவ்வளவுதான். ஃபுளோசார்ட் வரைய வேண்டிய இடத்தில் மெர்மெய்ட், கிராப்விஸ் போன்றவற்றில் எழுத்தாக எழுதினால் படத்தை அவையே வரைந்துகொள்ளும்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவருக்குத் தேவைப்படும் நியாயமான வசதியைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடுதான் என்று அதன் வரையறையிலேயே இருக்கிறது. ‘நம்முடையது சுயநிதிக் கல்லூரி, அந்தச் சட்டம் இங்கே செல்லாது’ என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மாணவர் சேர்க்கையில் 5 சதவீத ஒதுக்கீடு அரசு, அரசு உதவிபெறும் நிறுவனங்களுக்குத்தான். அது வேறு. நியாயமான வசதி பற்றிப் பேசும் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் நிறுவனங்களோடு அரசு அங்கீகாரம் பெற்றவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அந்த வசதி தனி ஆளின் தேவைக்கு ஏற்றபடி அமைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் சொன்னது. உயர்கல்வி நிறுவனங்களுக்கான அணுகல் வழிகாட்டுதலை யுஜிசியும் 2022இல் வெளியிட்டிருக்கிறது.

இவ்வளவும் உங்கள் கையில் இருக்கட்டும், முதல் கடிதத்தில் வேண்டாம். துறைத் தலைவருக்கு நான்கைந்து வரியில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ‘இந்த செமஸ்டரிலிருந்து லேப் பயிற்சிகளை நானே செய்ய விரும்புகிறேன். ஒரு கணினியில் விஎஸ் கோடும் ஜிசிசியும் வேண்டும். என்விடிஏவை நான் கொண்டுவருகிறேன். செய்முறைத் தேர்வையும் அதே கணினியில் எழுத அனுமதி வேண்டும்.’ இதில் புகாரே இல்லை. லேப் சார் மேல் குற்றமும் இல்லை. கூடுதல் வேலை கேட்கும் மாணவியின் மார்க்கைக் குறைக்க யாருக்கும் காரணம் அகப்படுவது கஷ்டம். அப்படி நடக்கவே நடக்காது என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன், அதனால்தான் வாய்ப்பேச்சாக இல்லாமல் தேதியோடு மின்னஞ்சலில் கேட்கச் சொல்கிறேன். பதில் வராவிட்டால் முதல்வர், கல்லூரியின் சம வாய்ப்பு மையம். அதற்கும் அசையாவிட்டால் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். புகாரை விசாரிக்க அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரங்களைச் சட்டம் தந்திருக்கிறது. பெரும்பாலும் விஷயம் துறைத் தலைவர் மேஜையோடு முடிந்துவிடும்.

ஸ்மார்ட் ஸ்டிக்கை என்ன செய்வது

ஒலியை அனுப்பித் தடையை அறியும் அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்று, ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் போர்டு ஒன்று, பஸ்ஸர் ஒன்று. இந்த மூன்றையும் பிவிசி பைப்பில் கட்டி மேடையேற்றாத கல்லூரியை நம் வட்டாரத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பரிசும் வாங்கிவிடுகிறது. (நடுவர்களைப் பற்றி எழுதினால் பதில் நீளும்.) உங்கள் நண்பர்கள் மேல் கோபம் வேண்டாம். பயன்படுத்தப் போகிறவரைக் கடைசியில் கூப்பிடுவது தப்பு என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உங்களுக்குக் கொடுத்த வேலை, அடுப்படிப் பக்கம் விடாமல் பந்தியில் உட்காரவைத்து ‘உப்பு சரியா?’ என்று கேட்பது மாதிரி. உப்பு கூடியிருந்தாலும் அந்த நேரத்தில் என்ன செய்ய முடியும்?

ஐஐடி டெல்லியில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணனின் அசிஸ்டெக் ஆய்வகம் உருவாக்கி 2014இல் வெளியான ஸ்மார்ட்கேனிலும் இருப்பது அல்ட்ராசோனிக்தான். ஆனால் அது பார்வையற்றவர்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் உருட்டித் திரட்டப்பட்டது. அது வெள்ளைக் குச்சிக்கு மாற்றாக வரவில்லை, அதன் கைப்பிடியில் பொருந்துகிறது. தரையில் கிடக்கும் கல்லையும் குழியையும் குச்சியே சொல்லிவிடும். குச்சிக்குச் சிக்காதது முழங்காலுக்கு மேலே இருப்பது: திறந்த ஜன்னல் கதவு, நிற்கும் லாரியின் பின்பக்கம், தாழ்ந்த கிளை. அதைத்தான் கருவி தேடுகிறது. தேடியதைச் சத்தம் போட்டுச் சொல்லாமல் கையில் அதிர்ந்து சொல்கிறது, ஏனென்றால் பார்வையற்றவருக்குத் தெருவைக் கேட்கக் காது வேண்டும். உங்கள் குழுவின் குச்சி பஸ்ஸரில் கத்துகிறது என்கிறீர்கள். பெரியார் பேருந்து நிலையத்தில் அதன் சத்தம் கேட்குமா? கேட்டால், பின்னால் வரும் ஆட்டோ கேட்குமா? இதைக் கேட்க வேண்டிய இடத்தில் நீங்கள் இருந்தும், உங்களை மேடையில் நடக்க வைத்தார்கள்.

குழுவிலிருந்து விலகலாம். நான் அதைவிட இன்னொன்றைச் சொல்வேன். நண்பர்களை உட்காரவைத்து, ‘என்ன தேவை என்று முதலில் விசாரிக்கும் பகுதியும், எப்படிச் சோதிப்பது என்ற திட்டமும் என் பொறுப்பு, அந்த அத்தியாயத்தை நான் எழுதுவேன்’ என்று கேளுங்கள். அவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து எடுத்த அளவுகளைப் பார்வையற்றோர் பற்றிய தரவாக அறிக்கையில் சேர்க்கக் கூடாது என்றும் சொல்லுங்கள். கண்ணைக் கட்டிய ஐந்தாவது நிமிடத்தில் ஒருவருக்கு இருப்பது பதற்றம். பல வருடம் குச்சியோடு நடந்தவரிடம் இருப்பது தேர்ச்சி. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட முடியாது. ஒத்துக்கொண்டால் அந்தப் பைப் குச்சியிலிருந்தே நல்ல ஆய்வு வரலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் தனி புராஜெக்ட் கேளுங்கள். அதற்குப் பொருளும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

அனுபவம் எங்கே முடிகிறது, ஆய்வு எங்கே தொடங்குகிறது

அனுபவம் ஆராய்ச்சிதானே என்று கேட்டீர்கள். அனுபவம் கேள்வியைத் தரும், விடையைத் தராது. கணினி விஞ்ஞானி டி.வி. ராமன் பதினான்கு வயதில் கிளாக்கோமாவால் பார்வை இழந்தவர். கணக்குப் புத்தகத்தின் சமன்பாடுகளை யாராவது வாசித்துக் காட்டினால்தான் உண்டு என்ற நிலை அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேடு தன் கஷ்டத்தைப் பற்றியதல்ல. ஒரு சமன்பாட்டின் அமைப்பைக் குரலின் ஏற்ற இறக்கத்தால் எப்படிக் காதுக்குக் காட்டலாம் என்பதற்கு அவர் ஒரு முறையை உருவாக்கி, ஓட்டியும் காட்டினார். என்விடிஏவும் அப்படித்தான். பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006இல் தொடங்கிய வேலை அது. திரைவாசிப்பானின் விலை அவர்களுக்குச் சொந்த எரிச்சலாக இருந்திருக்கலாம். நமக்கு அவர்கள் தந்தது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய பைத்தான் நிரல்.

இன்னொன்றும் கவனியுங்கள். உங்களுக்கு நேர்ப்பார்வை கொஞ்சம் இருக்கிறது. பிறவியிலேயே பார்வை இல்லாமல் ப்ரெய்லில் படித்து வந்தவருக்குக் கணினிப் பழக்கம் வேறு மாதிரி இருக்கும். காது கேளாதவரின் சிக்கல், கை நடுங்குபவரின் சிக்கல் உங்களுக்கும் எனக்கும் சமமாகவே தெரியாது. ‘நான் பார்வையற்றவள், எனக்குத் தெரியும்’ என்று தொடங்கினால், பார்வையுள்ளவர்கள் செய்யும் தப்பையே நீங்களும் செய்வீர்கள்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நடுவில் போகிறபோக்கில், கல்லூரிச் சுற்றறிக்கையைத் திறந்தால் என்விடிஏ ‘ஜே கே பி ஓ’ என்று உளறுவதாகச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். கடிதத்திலேயே முக்கியமான வரி எனக்கு அதுதான். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது, கண் ஏமாறுகிறது, திரைவாசிப்பான் ஏமாறுவதில்லை. தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது 2010இல். டிடிபி சென்டர்களில் அடித்து வரும் கேள்வித்தாள்களும் அழைப்பிதழ்களும் சுற்றறிக்கைகளும் இன்னும் பழைய எழுத்துருக்களைக் கைவிட்டபாடில்லை. அதுவும் இல்லையென்றால், தாளில் அச்சிட்டுக் கையெழுத்தும் சீலும் போட்டு, ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக ஏற்றுகிறார்கள். அதில் உளறல்கூட வராது.

இதைப் பற்றிப் புலம்பினால் அது அனுபவம். எண்ணினால் ஆய்வு. மதுரை மாவட்டக் கல்லூரி இணையதளங்களில் கடந்த ஓராண்டில் ஏற்றப்பட்ட தமிழ் ஆவணங்களில் யூனிகோடு எத்தனை, பழைய குறியாக்கம் எத்தனை, வெறும் படம் எத்தனை? எந்தத் தளங்களை எடுத்தீர்கள், எதை விட்டீர்கள், ஏன்? இன்னொருவர் அதே வழியில் எண்ணினால் அதே எண்ணிக்கை வருமா? பைத்தானில் சின்ன நிரல் எழுதிப் பெருமளவு வேலையைத் தானாக ஓடவைக்கலாம். இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த முடிகிறதா என்று ஆராயும் வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் சோதித்து அறிக்கை தருகிறது. 2025இல் 94.8 சதவீதப் பக்கங்களில் இணைய அணுகலுக்கான டபிள்யூசிஏஜி தரத்துக்கு மாறான பிழைகள் அகப்பட்டன. ஆனால் பாமினி உளறல் அந்த மாதிரிக் கருவிக்குப் பிழையாகவே படாது. அதற்கு அது சுத்தமான ஆங்கில எழுத்து. இந்தக் குறையைத் தமிழ் படிக்கிறவர்கள் எண்ணினால்தான் உண்டு.

இதிலிருந்து அடுத்தடுத்த கேள்விகள் கிளைக்கும். ‘இந்தப் பக்கம் தமிழில் இருக்கிறது’ என்று நிரலில் குறித்திருக்க வேண்டும் என்பது டபிள்யூசிஏஜியின் அடிப்படை விதிகளில் ஒன்று. குறிக்காவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயன்று திணறும். நம்முடைய எழுத்தோ பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். வாக்கியத்துக்கு நடுவில் குரல் மாறுவது கேட்பவருக்கு வசதியா, இல்லை தமிழ்க் குரலே ஆங்கிலச் சொல்லையும் தட்டுத்தடுமாறிப் படித்தால் போதுமா? திரைவாசிப்பான் பழகியவர்கள் வேகத்தைக் கூட்டிவைத்துக் கேட்பார்கள். தமிழில் எந்த வேகம் வரை சொல் விளங்குகிறது? ஒரே ஒரு கேள்வியை எடுங்கள். மூன்றையும் எடுத்தால் ஒன்றும் முடியாது.

மனிதர்களிடம் கேட்டு எழுதும் ஆய்வு என்றால் முதலில் கல்லூரியில் நெறிமுறைக் குழுவின் அனுமதி கேளுங்கள். குழு இல்லையென்றால் வழிகாட்டியின் எழுத்துபூர்வ ஒப்புதலாவது வேண்டும். அழகர்கோவில் சாலை சுந்தரராஜன்பட்டியில் எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே போய் பத்துப் பேரைக் கூப்பிடச் சொல்லி, கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். முன்கூட்டி எழுதி அனுமதி வாங்குங்கள். ஒப்புதல் படிவம் அவர்கள் தாங்களே படிக்கக்கூடிய வடிவில் இருக்கட்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும். நடுவில் எழுந்துபோக விரும்பினால் போகலாம் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், வந்துபோகும் செலவைக் கொடுங்கள். முடிவு என்ன ஆயிற்று என்று திரும்பப் போய்ச் சொல்லவும் வேண்டும். ஆய்வுக்கென்று வருகிறவர்கள் பெரும்பாலும் இதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

எங்கே விண்ணப்பிக்கலாம்

அமெரிக்கக் கனவைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் படித்தது அங்குள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தில் நடக்கும் இளநிலை மாணவர் கோடை ஆய்வுத் திட்டம். அந்த அறக்கட்டளையின் பணத்தில் உதவித்தொகை பெற அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும். உங்கள் தகுதியில் குறையில்லை, பணம் கொடுப்பவரின் விதி அது. அங்கிருந்து உங்களுக்குக் கிடைக்கக்கூடியது வேறு: ஏசிஎம் என்ற உலகக் கணினியியலாளர் அமைப்பின் அசெட்ஸ் மாநாடு. மாற்றுத்திறனாளிகளுக்கான கணினியியல் என்ற துறையில் முக்கியமான கூடுகை. அங்கே நடக்கும் மாணவர் ஆய்வுப் போட்டியில் இளநிலை மாணவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. எந்த நாடு, எந்தக் கல்லூரி என்பது கணக்கில்லை. ஏற்கப்பட்டால் பயணச் செலவுக்கு என்ன செய்வது என்பது நிஜமான சிக்கல்தான், ஆனால் அது ஏற்கப்பட்ட பிறகு வரும் சிக்கல். ஏசிஎம் தன் வெளியீடுகளை 2026 ஜனவரியிலிருந்து எல்லோரும் இலவசமாகப் படிக்கத் திறந்துவிட்டிருக்கிறது. அசெட்ஸ் கட்டுரைகள் சிலவற்றைப் படித்துப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரை என்றால் என்ன என்பது நான் சொல்வதைவிட அதில் விளங்கும்.

உள்ளூரில் வழிகள் உண்டு. மூன்று தேசிய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகையில் இரண்டு மாதம் ஒரு பேராசிரியரின் கீழ் வேலை பார்க்கலாம். அறிவிப்பு வழக்கமாக ஆண்டின் கடைசி மாதங்களில் வரும். ஐஐடிகளின் கோடைத் திட்டங்கள் சில பொறியியல் மாணவர்களுக்கும் முதுநிலை மாணவர்களுக்கும் மட்டுமே. பி.எஸ்சி. சேருமா என்பதை முதல் வரியிலேயே பார்த்துவிடுங்கள், பாதி விண்ணப்பம் நிரப்பிய பிறகு தெரிந்துகொள்ள வேண்டாம்.

திட்டம் எதுவும் இல்லாமலே கதவைத் தட்டலாம். பி.எஸ்சி. மாணவர்கள் இதைத்தான் செய்யாமல் விடுகிறார்கள். சென்னை ஐஐடியில் தமிழ் உட்பட இந்திய மொழிகளின் பேச்சுத் தொழில்நுட்பத்தில் பல ஆண்டுகளாக வேலை நடக்கிறது. டெல்லியில் அசிஸ்டெக். பெங்களூரில் பார்வையற்ற பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியலும் கணிதமும் கொண்டுபோகும் விஷன் எம்பவர், இதே துறையில் ஆய்வு நடத்தும் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச். ‘மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு வாய்ப்பு தர வேண்டுகிறேன்’ என்று எழுதினால் பதில் வராது. அவர்களுடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் தமிழுக்குப் பொருந்தாத ஒரு இடத்தைச் சுட்டி, நீங்கள் எண்ணிய எண்ணிக்கையின் முதல் அட்டவணையை இணைத்து எழுதுங்கள். எல்லோரும் பதில் போட மாட்டார்கள். சிலர் போடுவார்கள். ஐஐடியில் படிக்காதவர் என்ற குறை அந்த அட்டவணையைப் பார்ப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். என்விடிஏவில் தமிழ் தப்பாக ஒலிக்கும் இடத்தைக் கண்டால், எந்தப் பதிப்பு, எந்தக் குரல், எந்த வாக்கியம் என்று துல்லியமாக எழுதிப் பிழை அறிக்கை போடுங்கள். உலகமே பார்க்கும் இடத்தில் உங்கள் பெயரில் அது நிற்கும். படிக்க அமைதியான இடம் வேண்டுமென்றால் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவு இருக்கிறது.

சொல்வதா, மறைப்பதா

மறைக்கத் தேவையில்லை, சட்டப்படி சொல்லியாக வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் ஒதுக்கீடோ, கூடுதல் நேரமோ, திரைவாசிப்பானோ வேண்டுமென்றால் சொல்லாமல் கேட்க முடியாது. கடைசி நேரத்தில் சொன்னால் ஏற்பாடு செய்ய அவர்களுக்கும் நேரம் இருக்காது. எங்கே சொல்வது என்பதுதான் விஷயம். முதல் பத்தியில் நோயின் வரலாறு வேண்டாம். முதல் பத்தியில் உங்கள் கேள்வி இருக்கட்டும், இரண்டாவதில் இதுவரை செய்தது. மூன்றாவதில் ஒரே வரி: ‘நான் குறைபார்வை உள்ளவள், என்விடிஏ வைத்து வேலை செய்கிறேன், எனக்கு இன்னின்ன வசதி வேண்டும்.’ அதைப் படித்துவிட்டுப் பின்வாங்கும் குழு, மாற்றுத்திறனாளிகளுக்காக ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் குழுவாக இருந்தால், அங்கே போகாததே நல்லது.

அப்பாவுக்கு என்ன சொல்வது

அப்பா சொல்வதில் தப்பில்லை. அரசு வேலையில் இருக்கும் அந்த 4 சதவீதத்தில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளவர்களுக்கும் உரியது. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் அவருடைய அவசரத்துக்குக் காரணம் வயது போய்விடும் என்ற பயம் என்று நினைக்கிறேன். வங்கித் தேர்வில் மாற்றுத்திறனாளிகளுக்கு வயது வரம்பில் பத்து ஆண்டு தளர்வு உண்டு. இதை அவரிடம் சொல்லுங்கள். இன்றைக்கு உங்களுக்கு இருபது வயது. எம்.எஸ்சி. முடித்துவிட்டு எழுதினாலும் கதவு திறந்தே இருக்கும். இடையில் வருடம் ஒருமுறை எழுதிப் பார்ப்பதும் கெட்டதல்ல.

பணக் கணக்கும் சொல்லுங்கள். மூன்றாண்டுப் பட்டத்தோடு நேராக முனைவர் பட்டத்துக்குப் போக முடியாது. இடையில் முதுநிலை வேண்டும். அதற்குப் பிறகு நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய உதவித்தொகை ஆண்டுக்கு 200 பேருக்குத் தனியாக இருக்கிறது. ஆராய்ச்சி என்றால் வருமானமில்லாத படிப்பு என்ற எண்ணம் அப்பாவுக்கு இருந்தால் அது பாதிதான் சரி. முதுநிலை இரண்டு வருடம் கையைக் கடிக்கும், அதை மறைக்காமல் பேசிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பாடங்களை முந்நூறு சதவீதம் பெரிதாக்கி, திரைக்குள் முகத்தை வைத்துப் படிப்பதாகவும், ராத்திரி தலைவலி வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு இருக்கும் நோயில் பார்வை மெல்ல மெல்லக் குறையக்கூடும். அரவிந்த் கண் மருத்துவமனையின் குறைபார்வைப் பிரிவில் ஒருமுறை காட்டி, எதைக் கண்ணால் செய்வது, எதைக் காதுக்கு மாற்றுவது என்று இப்போதே பிரித்துக்கொள்ளுங்கள். பக்கம் பக்கமான வாசிப்பு காதுக்குப் போகட்டும், படமும் அட்டவணையும் கண்ணுக்கு இருக்கட்டும். ப்ரெய்லையும் ஆரம்பித்துவிடுங்கள், பார்வை மிச்சம் இருக்கும்போது கற்பது எளிது. நிரலில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் வேகமாகக் கேட்கும் காதுக்குத் தப்பிவிடும், விரலுக்குத் தப்பாது. கற்றுத்தர சுந்தரராஜன்பட்டியிலேயே ஆள் இருப்பார்கள். ஆய்வுக்கு அனுமதி கேட்டுப் போகும் அன்றைக்கே இதையும் விசாரித்துவிட்டு வரலாம்.